அசையாமல் படுக்க முடிந்த பிள்ளைகளின் மூளை

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனின் அறிக்கை பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: மூளையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. அந்த வரியைக் கையில் வாங்கிய பெற்றோரில் சிலர் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். மூளை நன்றாக இருக்கிறது, பேச்சும் நடத்தையும் வயது ஏறினால் சரியாகிவிடும் என்று பயிற்சிகளைத் தள்ளிப் போடுகிறார்கள். வேறு சிலர் இடிந்துபோகிறார்கள். ஸ்கேனிலேயே பிடிபடாத வியாதிக்கு எங்கே போய் மருந்து தேடுவது என்று கலங்குகிறார்கள். இரண்டுமே அந்த வரி சொல்லாத செய்திகள். எம்.ஆர்.ஐ. மூளையின் வடிவத்தைப் படம் பிடிக்கிறது. கட்டி, தழும்பு, நீர் கோத்த இடம், சரியாக உருவாகாத பகுதி ஆகியவை அதில் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை ஏன் திரும்பவில்லை என்பதற்கான விடையோ நரம்பணுக்கள் ஒன்றோடொன்று தொடர்பு கொள்ளும் விதத்தில் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளதைப் பிரித்துக் காட்டாத படத்தில் அது அகப்படாமல் போவதில் வியப்பில்லை.

அப்படியானால் ‘ஆட்டிசம் உள்ளவர்களின் மூளையில் மாற்றம் கண்டுபிடிப்பு’ என்று அடிக்கடி வருகிற செய்திகள் எல்லாம் பொய்யா? பொய்யில்லை. ஆனால் அவை பெரும்பாலும் ஒரு கூட்டத்தின் சராசரியைப் பற்றிப் பேசுகின்றன. தனி ஒரு பிள்ளையைப் பற்றி அல்ல. அதைவிட முக்கியமான கேள்வி, அந்தக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்பது. ஆட்டிசத்தோடு அறிவுசார் குறைபாடும் சேர்ந்த பிள்ளைகள், அதாவது அதிக உதவி தேவைப்படுகிற பிள்ளைகள், பல பத்தாண்டுகளாக அந்த ஆய்வுகளில் அநேகமாக இல்லை. மூளைப் படங்களிலிருந்து நாம் கற்றதாக நினைப்பதில் பாதியை இந்த ஒரு உண்மையை வைத்துத் திரும்ப வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தலையின் அளவில்தான் இந்தக் கதை தொடங்குகிறது. 1943இல் லியோ கானர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் மருத்துவ உலகில் தனியாக அடையாளம் பெற்றது. அந்தப் பதினொருவரில் ஐந்து பேருக்குத் தலை சற்றுப் பெரிதாக இருந்ததை அவர் போகிற போக்கில் குறித்து வைத்தார். அடுத்த இருபது முப்பது ஆண்டுகள் அந்தக் குறிப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாயின் பாசம் போதாததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்ற கொடுமையான கருத்து அப்போது கோலோச்சியது. அதை உடைக்க மூளைக்குள் ஏதாவது காட்டியாக வேண்டியிருந்தது. 1970களில் முதுகுத்தண்டு வழியாகக் காற்றைச் செலுத்தி, அது மூளைக்குள் உள்ள திரவ அறைகளில் ஏறிய பிறகு எக்ஸ்ரே எடுக்கும் முறை இருந்தது. கடும் தலைவலியைக் கொடுக்கும் சோதனை அது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் அப்படி எடுத்த படங்களில் இடப்பக்கப் பொட்டு மடலை ஒட்டிய அறை விரிந்திருப்பதாக 1975இல் எழுதினார்கள். பிறகு சி.டி. ஸ்கேன் வந்தது, எம்.ஆர்.ஐ. வந்தது.

1988இல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவைச் சேர்ந்த எரிக் கூர்ஷேன் குழு, ஆட்டிசம் உள்ளவர்களின் சிறுமூளை நடுப்பகுதியில் இரண்டு மடல்கள் சிறுத்திருப்பதாக அறிவித்தது. பெரும் பரபரப்பு. ஆனால் வேறு ஆய்வாளர்கள் வயதையும் அறிவுத்திறனையும் ஈடுகட்டிக் கணக்கிட்டபோது அந்த வேறுபாடு கரைந்துபோனது. இங்கேதான் இந்தத் துறையின் தலைவலி முதன்முதலாகப் பளிச்சென்று தெரிந்தது. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து இருக்கும்போது, படத்தில் தெரிகிற மாற்றம் எதற்கு உரியது? இரண்டையும் பிரிக்க வேண்டுமானால் நான்கு கூட்டங்கள் வேண்டும்: இரண்டும் உள்ளவர்கள், ஆட்டிசம் மட்டும் உள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு மட்டும் உள்ளவர்கள், இரண்டும் இல்லாதவர்கள். நான்கையும் ஒன்றாகத் திரட்டுவது கடினம். எனவே ஆய்வாளர்கள் சுலபமான வழியைத் தேர்ந்தார்கள். ஐ.கியூ. எனும் அறிவுத்திறன் அளவு 70க்குக் கீழே உள்ளவர்களை விட்டுவிட்டார்கள்.

அறிவியல் நோக்கில் அதற்கு ஒரு நியாயம் உண்டு, குழப்பம் குறையும். ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. ஆட்டிசம் பற்றிய ஆய்விதழ்களில் 2016இல் வெளிவந்த ஆய்வுகளை எல்லாம் எடுத்துப் பார்த்த ஒரு பிரிட்டன் குழு, அவற்றில் பங்கேற்ற ஆட்டிசம் உள்ளவர்களில் 94 விழுக்காட்டினருக்கு அறிவுசார் குறைபாடு இல்லை என்று 2019இல் காட்டியது. இதையும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆட்டிசம் உள்ள எட்டு வயதுப் பிள்ளைகளில் அறிவுத்திறன் அளவிடப்பட்டவர்களை எடுத்துக்கொண்டால், 2022ஆம் ஆண்டுத் தரவின்படி 39.6 விழுக்காட்டினருக்கு ஐ.கியூ. 70 அல்லது அதற்கும் கீழே. வெளியுலகில் பத்தில் நான்கு பேர். ஆய்வில் நூற்றுக்கு ஆறு பேர்.

மூளைப் பட ஆய்வுகளில் இந்த விலக்கம் இன்னும் கடுமையாக இருப்பதற்குக் காரணம் அந்த இயந்திரமே. எம்.ஆர்.ஐ. அறைக்குள் போய் வந்தவர்களுக்குத் தெரியும். குறுகலான குழாய். தலையைச் சுற்றிக் கூண்டு போன்ற ஒரு சுருள். சுத்தியலால் தட்டுவது போலவும் அபாயச் சங்கு ஊதுவது போலவும் மாறி மாறி நூறு டெசிபலைத் தாண்டும் ஓசை. காதில் பஞ்சு வைத்தாலும் அந்த அதிர்வு எலும்பில் தெரியும். அப்படியே அரை மணி, முக்கால் மணி நேரம் தலையை அசைக்காமல் கிடக்க வேண்டும். ஓசையே வேதனையாக இருக்கும் ஒரு பிள்ளையிடம், ‘அசையாதே’ என்ற சொல்லை வாங்கிக்கொள்ள முடியாத ஒரு பிள்ளையிடம், இதைக் கேட்கிறோம்.

சிகிச்சைக்காக எடுக்கும்போது மயக்க மருந்து கொடுக்கலாம். நம் ஊரில் ட்ரைக்ளோஃபாஸ் சிரப் கொடுத்துத் தூங்க வைப்பது வழக்கம். அது போதாவிட்டால் மயக்கவியல் மருத்துவர் ஊசி மருந்து கொடுப்பார். ஆய்வுக்கு மட்டும் என்றால் அதற்கு நெறிமுறைக் குழுக்கள் எளிதில் ஒப்புவதில்லை. ஒரு குழந்தைக்கு நேரடிப் பயன் இல்லாதபோது மயக்க மருந்தின் ஆபத்தை அதன்மேல் ஏற்றக் கூடாது என்பது சரியான விதி. போதாததற்கு, மூளை வேலை செய்யும் விதத்தைப் பார்க்கும் ஸ்கேனில் மயக்க மருந்து அந்த வேலையையே மாற்றிவிடும்.

அசைவு பற்றிய ஒரு கண்டுபிடிப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2000களில் ஆட்டிசத்தைப் பற்றி மிகவும் செல்வாக்குப் பெற்ற கருத்து ‘இணைப்புக் குறைவு’. மூளையின் தொலைவான பகுதிகளுக்கு இடையே உரையாடல் குறைவு, அருகருகே உள்ள பகுதிகளுக்கு இடையே அதிகம் என்று அது சொன்னது. 2004இல் மார்செல் ஜஸ்ட் குழு வாக்கியங்களைப் படிக்க வைத்து எடுத்த படங்களிலிருந்து இந்தக் கருத்து பரவியது. 2012இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து ஜொனதன் பவரும் உடன் பணியாற்றியவர்களும் வேறொன்றைக் காட்டினார்கள். ஸ்கேனுக்குள் தலை மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே போதும். கணக்கில் தொலைதூர இணைப்பு குறைந்ததாகவும் கிட்டத்து இணைப்பு கூடியதாகவும் வந்துவிடும். ஆட்டிசத்தின் அடையாளம் என்று சொன்ன அதே வடிவம்! ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சராசரியில் சற்று அதிகம் அசைவார்கள். ஆகவே பல ஆய்வுகள் எந்த அளவுக்கு மூளையை அளந்தன, எந்த அளவுக்கு அசைவை அளந்தன என்ற சந்தேகம் எழுந்தது. அதன்பிறகு அசைவுக் கட்டுப்பாடு கடுமையானது. அது தேவைதான். ஆனால் கட்டுப்பாடு கடுமையாக ஆக, அசைகிற பிள்ளையின் படங்கள் கணினியிலிருந்து தூக்கி எறியப்படுகின்றன. மிகவும் சிரமப்பட்டு உள்ளே வந்த அறிவுசார் குறைபாடு உள்ள சில பிள்ளைகளும் அந்த இடத்தில் மறுபடி வெளியே போகிறார்கள்.

இந்த வடிகட்டல் ஆய்வு முடிவையே மாற்றிவிட்டதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 2001இல் கூர்ஷேன் குழு, ஆட்டிசம் உள்ள இரண்டு முதல் நான்கு வயதுச் சிறுவர்களில் பெரும்பாலோரின் மூளை சராசரியைவிடப் பெரிது என்று எழுதியது. பிறந்த முதல் ஆண்டுகளில் மூளை வேகமாகப் பெருக்கிறது; பிறகு வளர்ச்சி தேங்குகிறது; பள்ளி வயதில் மற்றப் பிள்ளைகளின் அளவோடு சமமாகிவிடுகிறது. பாடப்புத்தகங்கள் வரை ஏறிய சித்திரம் இது. ஏன் பெருக்கிறது, ஏன் நிற்கிறது என்று கோட்பாடுகளும் முளைத்தன.

கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் உள்ள டேவிஸ் பல்கலைக்கழகத்தின் மைண்ட் நிறுவனம் 2006 முதல் ஒரே பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப அழைத்துப் படம் எடுத்து வருகிறது. டேவிட் அமரல், கிறிஸ்டின் நோர்டால் ஆகியோர் நடத்தும் ஆய்வு. ஆட்டிசம் உள்ள சுமார் முந்நூறு பிள்ளைகளை மூன்று வயதிலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று வயது வரை தொடர்ந்து பார்த்து 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்று வயதில் பெரிய மூளை இருந்த சிறுவர்களுக்குப் பன்னிரண்டு வயதிலும் பெரிய மூளைதான் இருந்தது. சமமாகவில்லை. அப்படியானால் முந்தைய சித்திரம் எங்கிருந்து வந்தது? சின்னக் குழந்தைகளை இரவில் இயல்பாகத் தூங்கும்போது ஸ்கேன் செய்யலாம்; தூங்குகிற குழந்தைக்கு அறிவுத்திறன் எவ்வளவாக இருந்தாலும் படம் கிடைத்துவிடும். எட்டு, பத்து வயதில் விழித்த நிலையில் எடுக்க வேண்டியிருக்கிறது. அப்போது ஐ.கியூ. குறைந்த பிள்ளைகள் உதிர்ந்துபோகிறார்கள். பெரிய மூளை உள்ள சிறுவர்களுக்குச் சராசரியில் ஐ.கியூ. குறைவு என்பதையும் இதே குழு காட்டியிருந்தது. ஆக, மூளைகள் சுருங்கவில்லை. பெரிய மூளை உள்ள பிள்ளைகள் வரிசையை விட்டு வெளியே தள்ளப்பட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து உள்ளே வைத்திருந்த ஆய்வில் சித்திரம் மாறியது. இவர்களைப் போன்ற மிகப் பெரிய மூளை உள்ளவர்கள் ஆட்டிசம் உள்ள சிறுவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காடுதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் பொதுவான அடையாளம் அல்ல அது.

சராசரி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு மரபணுக்களில் இன்னொரு எடுத்துக்காட்டு உண்டு. பதினாறாம் குரோமோசோமில் 16பி11.2 என்ற இடத்தில் ஒரு துண்டு விடுபட்டுப் போனால் மூளையும் தலையும் பெரிதாகும். அதே துண்டு இரட்டித்தால் மூளை சிறிதாகும். இரண்டிலும் ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் வரலாம். இந்த இரு வகைப் பிள்ளைகளையும் ‘ஆட்டிசம்’ என்று ஒரே குழுவில் போட்டுச் சராசரி எடுத்தால் மூளை அளவு சாதாரணம் என்றே வரும். இருபுறமும் விலகி நிற்கிற இரண்டு குழந்தைகளும் கணக்கில் காணாமல் போய்விடுவார்கள்.

உலகெங்கும் திரட்டிய படங்களை ஒன்றாக்கி ஆராயும் எனிக்மா கூட்டமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வில் ஆட்டிசம் உள்ள 1571 பேர், இல்லாத 1651 பேர். மூளையின் ஆழத்தில் உள்ள சில நரம்பணுத் திரள்களும், உணர்ச்சிகளையும் முகங்களையும் கையாள்வதில் பங்குள்ள அமிக்டலாவும் சற்றுச் சிறியவை. நெற்றி மடலின் புறணி, அதாவது மேலடுக்கு, சற்றுத் தடிப்பு. பொட்டு மடலின் புறணி சற்று மெலிவு. இந்தச் ‘சற்று’ எவ்வளவு என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. புள்ளியியலில் அந்த வேறுபாடுகளின் அளவு 0.2ஐ ஒட்டியது. பொருள் இதுதான்: ஆட்டிசம் உள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து, இந்த ஒரு அளவை மட்டும் வைத்து யார் யார் என்று சொன்னால் நூற்றுக்கு 56 தடவை சரியாக வரும். நாணயத்தைச் சுண்டினாலே 50 வரும். அதற்காக இந்த ஆய்வு வீண் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பகுதிகளை இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு அது வழிகாட்டுகிறது. ஒரு பிள்ளையின் படத்தைப் பார்த்து ‘இது ஆட்டிசம்’ என்று சொல்ல அது உதவாது.

கைக்குழந்தைகளிடம் செய்த ஆய்வுகள் இதைவிட நம்பிக்கை தருபவை. அமெரிக்காவின் சாப்பல் ஹில்லில் ஜோசப் பிவன் தலைமையில் நடக்கும் ஐபிஸ் ஆய்வு, மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் உள்ள குடும்பங்களில் அடுத்துப் பிறக்கும் குழந்தைகளை ஆறு மாதத்திலிருந்து பார்க்கிறது. இவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஆட்டிசம் வரலாம் என்பதால் முன்கூட்டியே தொடங்க முடிகிறது. பின்னால் ஆட்டிசம் கண்டறியப்பட்ட குழந்தைகளில், ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் மூளைப் புறணியின் பரப்பு வேகமாக விரிந்தது. இரண்டாம் ஆண்டில் மூளையின் கன அளவு கூடியது. ஆட்டிசத்தின் நடத்தை அடையாளங்கள் தெளிவாகத் தெரியும் முன்பே இது நடக்கிறது. ஆறு, பன்னிரண்டு மாதப் படங்களை வைத்துக் கணினி கணித்ததில், ஆட்டிசம் வந்த 34 குழந்தைகளில் 30 பேரைச் சரியாகக் காட்டியது. வராத 145 பேரில் 7 பேரைத் தவறாகச் சுட்டியது. 2017இல் வந்த இந்த முடிவு உலகெங்கும் செய்தியானது.

ஆனால் அதே கணிப்பைச் சாதாரணக் குழந்தைகள் ஆயிரம் பேரிடம் செய்து பாருங்கள். அவர்களில் 30 பேருக்கு ஆட்டிசம் வரும் என்று வைத்துக்கொண்டால் 26 பேரைக் கணினி பிடிக்கும். மீதி 970 பேரில் 5 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 48 பேரைத் தவறாகச் சுட்டும். ‘உங்கள் குழந்தைக்கு வரப்போகிறது’ என்று கேட்ட பெற்றோரில் மூன்றில் இருவருக்கு அந்தச் செய்தி பொய். ஆகவே எல்லாக் குழந்தைக்கும் எடுக்கும் சோதனையாக இது மாற இன்னும் வெகுதூரம் போக வேண்டும்.

இதே ஐபிஸ் குழு 2022இல் செய்த ஒப்பீடுதான் நம் தலைப்புக்கு நேரடியாக வருகிறது. ஃபிரஜைல் எக்ஸ் என்ற மரபணுக் கோளாறு, பரம்பரையாக வரும் அறிவுசார் குறைபாட்டுக்கு மிகப் பொதுவான காரணம். அதில் ஆட்டிசம் போன்ற நடத்தைகளும் நிறையத் தெரியும். அந்தக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். பின்னால் ஆட்டிசம் கண்டறியப்பட்ட குழந்தைகளுக்கு, அமிக்டலா ஆறு மாதத்தில் சாதாரணமாக இருந்து, பன்னிரண்டு மாதத்துக்குள் வேகமாக வளரத் தொடங்கியது. ஃபிரஜைல் எக்ஸ் குழந்தைகளுக்கு அமிக்டலாவில் அப்படி எதுவும் இல்லை. காடேட் என்ற வேறொரு பகுதி பெருத்திருந்தது. வெளியே பார்த்தால் கைகளை உதறுவதும் கண்ணைத் தவிர்ப்பதும் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே பாதைகள் வேறு. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளை ஆய்வில் சேர்த்தால் என்ன கிடைக்கும் என்று யாராவது கேட்டால் இந்த ஆய்வைக் காட்டலாம்.

இதுவரை சொன்னது ஆராய்ச்சிக்கூடம். மருத்துவமனையில் கேள்வியே வேறு. அங்கே ‘ஆட்டிசம் இருக்கிறதா’ என்று அறிய ஸ்கேன் எடுப்பதில்லை. அதைப் பிள்ளையின் நடத்தையையும் வளர்ச்சியையும் பார்த்தே மருத்துவர் முடிவு செய்கிறார். இந்தியாவில் ஆட்டிசத்துக்கான மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் ஐ.எஸ்.ஏ.ஏ. போன்ற நடத்தை அளவுகோல்களை வைத்துத்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2020இல் வெளியிட்ட அறிக்கையும், ஆட்டிசம் என்ற ஒரே காரணத்துக்காக எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியதில்லை என்கிறது. வலிப்பு, வழக்கத்துக்கு மாறான பின்னடைவு, தலை மிகச் சிறிதாகவோ பெரிதாகவோ இருத்தல், கை கால் இறுக்கம் போன்ற நரம்பியல் அறிகுறிகள் ஆகியவை இருந்தால் எடுக்க வேண்டும்.

அறிவுசார் குறைபாடும் சேர்ந்திருக்கும்போது தராசு சற்றுச் சாய்கிறது. ஆட்டிசத்தோடு அறிவுசார் குறைபாடும் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு இருக்கிறது. அறிவுசார் குறைபாடு இல்லாதவர்களில் அது நூற்றுக்கு எட்டுப் பேர். வலிப்பு வந்தாலே மூளைப் படம் தேவைப்படும். அப்போது படத்தில் காரணம் அகப்படும் வாய்ப்பும் கூடுதல். குறைமாதத்தில் பிறந்த பிள்ளையின் மூளை அறைகளை ஒட்டி, நரம்பிழைகள் நிறைந்த வெண்பொருள் சேதமடைந்திருக்கலாம். பிறந்த ஓரிரு நாளில் சர்க்கரை அளவு சரிந்து, அதைக் கவனிக்காமல் விட்ட குழந்தைக்குப் பின்மண்டைப் பகுதியில் தழும்பு தெரியும். நம் நாட்டில் மருத்துவர்கள் அடிக்கடி காணும் சேதம் இது. முதல் மணி நேரத்தில் தாய்ப்பால் கொடுத்து, குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் பல பிள்ளைகளுக்குத் தடுத்திருக்கக் கூடியது என்பதை நினைக்கும்போது மனம் பதறுகிறது.

ட்யூபரஸ் ஸ்கிலரோசிஸ் என்ற நோயை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ ஆறாயிரம் பிறப்புக்கு ஒன்று. தோலில் இலை வடிவத்தில் வெளிறிய திட்டுகள்; வெயிலில் சரியாகத் தெரியாது, புற ஊதா விளக்கில் பளிச்சென்று தெரியும். மூளைப் படத்தில் புறணியில் ஆங்காங்கே முடிச்சுகள், அறைகளின் ஓரத்தில் சிறு கட்டிகள். இவர்களில் பாதிப் பேருக்கு நெருக்கமாக ஆட்டிசம் வரும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறிவுசார் குறைபாடு. டி.எஸ்.சி.1, டி.எஸ்.சி.2 என்ற இரு மரபணுக்களில் ஒன்று பழுதாவதால் செல் வளர்ச்சியின் கடிவாளம் தளர்ந்துவிடுகிறது. அந்தக் கடிவாளத்தை ஓரளவு இழுத்துப் பிடிக்கும் எவரோலிமஸ் என்ற மருந்து மூளை அறைக் கட்டிகளுக்கும் பின்னர் வலிப்புக்கும் அனுமதி பெற்றது. குழந்தைப் பருவத்து வலிப்புக்கு விகாபாட்ரின் நன்றாக வேலை செய்கிறது. சிறுநீரகம், இதயம், கண் ஆகியவற்றையும் இவர்களிடம் தொடர்ந்து பார்க்க வேண்டும். இங்கே ஒரு ஸ்கேன் பிள்ளையின் வாழ்க்கைப் பாதையையே மாற்றுகிறது.

இதைவிட அரிதான ஒன்று. எம்.ஆர்.ஐ. இயந்திரத்திலேயே மூளையின் வேதிப்பொருள்களை அளக்கும் ஸ்பெக்ட்ராஸ்கோபி என்ற முறை உண்டு. சாதாரண மூளையில் அதன் வரைபடத்தில், செல்களின் ஆற்றலுக்கு உதவும் கிரியாட்டினுக்கு ஓர் உயரமான முகடு தெரியும். 1994இல் ஜெர்மனியில் ஒரு குழந்தைக்கு எடுத்த வரைபடத்தில் அந்த முகடு இல்லை. மூளையில் கிரியாட்டின் தீர்ந்துபோயிருந்தது. கிரியாட்டினை உடல் தயாரிக்க முடியாத அந்தக் கோளாறில் பேச்சு வராமை, அறிவுசார் குறைபாடு, வலிப்பு, ஆட்டிசம் போன்ற நடத்தை எல்லாம் வரும். வாய்வழியாகக் கிரியாட்டின் கொடுத்தால் முன்னேற்றம் கிடைக்கும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

இவற்றுக்கு இடையே, என்ன பொருள் என்று உறுதியாகச் சொல்ல முடியாத செய்திகளும் அறிக்கையில் வரும். 2009இல் பிரான்ஸில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் தெளிவான படம் கிடைத்த 69 பேரைப் பார்த்ததில் 33 பேருக்கு ஏதோ ஒரு சிறு மாற்றம் இருந்தது: வெண்பொருளில் மினுக்கம், இரத்தக்குழாயைச் சுற்றிய இடைவெளிகள் விரிந்திருத்தல், பொட்டு மடலில் சிறு வேறுபாடு. பார்த்ததும் பயம் வருகிற எண்ணிக்கைதான். ஆனால் அந்த மாற்றங்களில் பெரும்பாலானவை எந்தச் சிகிச்சையையும் மாற்றுவதில்லை. சிறு நீர்க்கட்டி இருக்கிறது என்று எழுதியிருந்தால், அதனால்தான் பிள்ளை பேசவில்லை என்று அர்த்தமில்லை. இதைப் பெற்றோரிடம் உட்கார்ந்து சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் கிடைக்காததால் ஒரு நீர்க்கட்டியை நினைத்து ஆண்டுக்கணக்கில் தூக்கம் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

காரணம் தேட வேண்டும் என்றால் ஸ்கேனுக்கு முன்பே கேட்க வேண்டிய சோதனை மரபணுச் சோதனை. குரோமோசோமில் விடுபட்ட, இரட்டித்த துண்டுகளைத் தேடும் மைக்ரோஅரே, ஃபிரஜைல் எக்ஸ் சோதனை இரண்டும் பல வழிகாட்டிகளில் முதலில் வருகின்றன. மயக்க மருந்து தேவையில்லை, கொஞ்சம் இரத்தம் போதும்.

இந்த இடத்தில் கோபத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று பெட் ஸ்கேனின் இரண்டு வண்ணப் படங்களை அருகருகே வைத்து, நீலமாக இருந்த மூளை பச்சையும் மஞ்சளுமாக மாறிவிட்டதாகக் காட்டி ஸ்டெம் செல் சிகிச்சை விற்கப்படுகிறது. அந்த வண்ணங்கள் மூளையில் இல்லை. கணினியில் ஒருவர் தேர்ந்தெடுத்தவை. பெட் ஸ்கேன் அளப்பது சர்க்கரை எந்த இடத்தில் எவ்வளவு செலவாகிறது என்பதை. பிள்ளை தூங்குகிறதா, விழித்திருக்கிறதா, மயக்க மருந்து எவ்வளவு, இடையில் எத்தனை மாதம் வளர்ந்தது என்பவற்றாலேயே அது மாறும். ஒப்பிட வேறு பிள்ளைகள் இல்லாமல் ஒரு பிள்ளையின் இரண்டு படங்களை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. கதிரியக்கப் பொருளை இரண்டு தடவை உடம்பில் ஏற்றியதுதான் மிச்சம். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது, அதை விளம்பரப்படுத்துவதும் கொடுப்பதும் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் தெளிவாக அறிவித்தது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் பெற்றோருக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

வெளியே நிற்கும் பிள்ளைகளை உள்ளே கொண்டுவரும் வேலை மெல்ல நடக்கிறது. டேவிஸ் குழு, அறிவுசார் குறைபாடு உள்ள பெரிய பிள்ளைகளை மயக்க மருந்தே இல்லாமல் ஸ்கேன் செய்ய நடத்தைப் பயிற்சியாளர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு முறையை 2016இல் வெளியிட்டது. முதலில் நிஜ இயந்திரம் கிடையாது. அதே வடிவத்தில் ஒரு போலிக் குழாய். ஸ்கேனின் ஓசை முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் கூட்டி ஒலிக்கிறது. பத்து நொடி அசையாமல் படுத்தால் பிடித்த வீடியோ ஓடும், அசைந்தால் நிற்கும். பத்து நொடி முப்பதாகிறது, முப்பது இரண்டு நிமிடமாகிறது. இதைச் செய்ய ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் வேண்டும், பல நாள் வேண்டும், பெற்றோரின் ஒத்துழைப்பு வேண்டும். சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒருவருக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது. அவர் தினமும் செய்வது இதுதான். ஆராய்ச்சிக்கூடம்தான் தாமதமாகக் கற்றுக்கொண்டது. நம் மருத்துவமனைகளிலும் ஸ்கேன் தேதிக்கு ஒரு வாரம் முன்பே அந்த ஓசையைப் பதிவு செய்து பெற்றோருக்குக் கொடுத்தால் எத்தனையோ பிள்ளைகளுக்கு மயக்க மருந்தின் அளவாவது குறையும்.

ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் திமொத்தி ராபர்ட்ஸ் குழு வேறு இயந்திரத்தைத் தேர்ந்தது. எம்.இ.ஜி. என்பது மூளையின் மிக நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் கருவி. ஓசை இல்லை, குழாய் இல்லை, தலைக்கவசத்துக்குள் தலையை வைத்தால் போதும். செய்து முடிக்க எந்தப் பணியும் கொடுக்காமல், ஓர் ஒலியை ஒலிக்கவிட்டு மூளையின் செவிப்பகுதி எத்தனை மில்லிநொடியில் பதில் தருகிறது என்று பார்க்கிறார்கள். பேசக் கூடிய ஆட்டிசப் பிள்ளைகளிடம் அந்தப் பதில் பத்து மில்லிநொடி அளவுக்குத் தாமதமாவதை 2010இல் காட்டியிருந்தார்கள். 2019இல் சொல் ஒன்றிரண்டே உள்ள, அல்லது சொல்லே இல்லாத பிள்ளைகளை அளந்தபோது தாமதம் அதைவிடக் கூடுதல். பல ஆண்டுகளாக ‘எதையும் கேட்பதே இல்லை’ என்று சொல்லப்பட்ட பிள்ளைகளின் மூளை ஒலிக்குப் பதில் தருகிறது. சற்றுப் பிந்தித் தருகிறது.

அடுத்த முறை ஆட்டிசமும் மூளையும் பற்றி ஒரு செய்தி கண்ணில் பட்டால், மூல ஆய்வின் முதல் அட்டவணையைத் தேடிப் பாருங்கள். பங்கேற்றவர்களின் சராசரி ஐ.கியூ. அங்கே இருக்கும். எத்தனை பேரின் படங்கள் அசைவுக்காக நீக்கப்பட்டன என்பதும் அதன் பக்கத்திலோ அடுத்த பத்தியிலோ இருக்கும். சராசரி 105 என்று இருந்தால், அதில் வருவது உங்கள் வீட்டில் பேச்சே வராமல், சாப்பாட்டுக்கும் குளியலுக்கும் உதவி தேவைப்படுகிற பிள்ளையின் மூளை அல்ல. 55 என்று இருந்தால், அந்தக் கட்டுரையைக் கடைசி வரை படியுங்கள்.